குனிந்த தலையில் காட்டுமல்லி

அறுபதுகளில் கல்யாணமாகிப் புதுவாயலுக்கு வந்த புதிதில், முட்காட்டில் பறித்த காட்டுமல்லியைத் தொடுத்து என் ஓரகத்திக்குக் கொண்டுபோனேன். அந்த வீட்டுக்கு மூத்த மருமகள் அல்லவா! முகர்ந்துகூடப் பார்க்காமல் குப்பைமேட்டில் வீசினாள்.

"ஆடு மேய்க்கிற பொம்பள வைக்கிற பூவு. எனக்கு எடுத்துக்கினு வந்துட்டா!"

வந்திருந்த உறவெல்லாம் சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் மறக்கவே இல்லை.

எழுபதுகளில் அவள் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. பட்டணத்திலிருந்து பூக்கூடை வரவேண்டிய ரயில் வரவில்லை. பந்தல் நிறைய ஜனம். பூ இல்லாமல் பெண்ணை எப்படி மணையில் உட்காரவைப்பது? அவளே என்னைத் தேடி வந்தாள்.

"அந்தக் காட்டுப்பூவையாவது பறிச்சிக்கினு வாடி, மானம் பூடும்."

கூடை நிறையக் கொண்டுவந்தேன். பெண்ணுக்கு ஜடை கொள்ளாமல் வைத்தேன். வந்த சுமங்கலிகள் எல்லோருக்கும் வைத்தேன். கடைசியாக ஓரகத்தி வந்து தலையைக் குனிந்தாள். சரத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

"இது யாரு வைக்கிற பூவுக்கா?"

பந்தலே திரும்பிப் பார்த்தது. அவள் நிமிரவும் முடியாமல் நின்றாள்.

"நாம வைக்கிற பூவுதாண்டி" என்று முனகினாள்.

அப்புறம்தான் வைத்தேன்.

பழையதை மறந்துவிடு என்கிறார்கள். காட்டுமல்லி வாசம் வந்தால் இன்றைக்கும் என் கழுத்து தானாக நிமிர்கிறது.