மாமன் கொடுத்த ஒரே டேக்

2024 மே 19, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். இரவு பெய்த மழை விட்டிருந்தது. மேகம் இன்னும் முழுசாகக் கலையவில்லை. காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் போட்ட பந்தல் ஒன்பது இடங்களில் ஒழுகியது. பத்தாவது இடம் உண்டா என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. மாரண்டஹள்ளியில் தக்காளி மண்டி வைத்திருக்கும் என் மைத்துனர்.

"மாமா, நான் செத்துட்டனா?"

"இல்லையே மச்சான்."

"அப்புறம் எப்பிடி டீக்கடைக்காரன் எங்கக்கா மவளுக்குத் தாய்மாமன் ஆனான்?"

பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

எங்களுக்கு ஒரே மகள். முப்பத்தொரு வயது. பெங்களூரில் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து வாழ்கிறாள். மூன்று வருடத்துக்கு முன் எங்கள் கூடத்தில் நின்று அதைச் சொன்னாள். என் மனைவி இரண்டு நாள் அழுதாள்; மூன்றாம் நாள், அந்தப் பெண்ணுக்குச் சாப்பிட என்ன பிடிக்கும் என்று கேட்டாள். மைத்துனர், "எனக்கு அக்கா மவளே கெடையாது" என்று எழுந்து போனவர்தான், அதன்பின் வாசல்படி ஏறவில்லை. நான் கேட்டது ஒன்றே ஒன்று: வீட்டு வாடகை எவ்வளவு? முப்பத்து நான்கு வருடம் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்தவன் நான். எதைக் கேட்டாலும் அளவைத்தான் கேட்கத் தெரியும். அப்பாவுக்கு இதில் அக்கறையே இல்லை என்று மகள் எடுத்துக்கொண்டாள். அதன்பின் மூன்று வருடத்தில் அவள் எங்கள் வீட்டில் இருந்தது, இரண்டு வருகையும் சேர்த்து, பதினேழு மணி நேரம்.

இப்போது இருவரும் படம் எடுக்கிறார்கள். கம்பெனி கிடையாது; நண்பர்கள் போட்ட பணம். பிறந்த ஊரிலேயே எல்லாச் சடங்கோடும் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிற இரண்டு பெண்களின் கதை. அந்த இருவராக இவர்களே நடிக்கிறார்கள்.

"எங்கள மாதிரி ஆளுங்க படத்துல ஒண்ணு ஊர விட்டு ஓடுறாங்க, இல்ல செத்துப்போறாங்க. என் படத்துல பந்தியில உக்காந்து சாப்பிடணும்பா. வூட்டக் குடுப்பீங்களா?" என்று போனில் கேட்டாள். கொடுக்கிறேன் என்றேன்.

கல்யாணக் காட்சிக்கு அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். வாடகைக் கேமரா திங்கள் காலை பெங்களூரில் இருக்க வேண்டும். என் கவலை வேறு. இந்த நாள் நல்லபடியாக முடிந்தால் மகள் இனி வீட்டுக்கு வந்து போவாள். மாமன் வந்து ரகளை செய்தால் வரமாட்டாள். அதனால் அவருக்குச் சொல்லவே இல்லை. தாய்மாமன் வேஷத்துக்குப் பேசியிருந்த எங்கள் ஊர் டீக்கடைக்காரர், பால் பாக்கெட் வாங்கப் போன இடத்திலெல்லாம் சொல்லிவிட்டார்.

ஒன்பது இருபத்தைந்துக்குத் தக்காளி ஏற்றும் மினி லாரி வந்து நின்றது. மைத்துனர் இறங்கினார். பின்னாலிருந்து பதினோரு சீர்த்தட்டுகள் இறங்கின.

"சண்டைக்கு வர்றவன் தட்ட எதுக்குடா எடுத்தாந்த?" என்றாள் என் மனைவி.

"சண்டைக்கும் வந்திருக்கேன், சீருக்கும் வந்திருக்கேன். நீ ஒதுங்குக்கா."

நேராக டீக்கடைக்காரரிடம் போனார். "எறங்குய்யா மேடைய விட்டு."

"எனக்கு டயலாக் இருக்குதுங்க."

"என்னா டயலாக்?"

"'நல்லா இருங்க'ன்னு சொல்லணுங்க."

"அத நான் சொல்லிக்கறேன்."

பிறகு பந்தல் காலைப் பார்த்துக்கொண்டே, மகளிடம் மூன்று வருடத்தில் முதல் கேள்வியைக் கேட்டார்: "இதுல யாரு மாப்ள வூடு?"

"ரெண்டும் பொண்ணு வூடுதான் மாமா."

"அப்போ அதிகாரம் பண்றது யாரு?"

"யாரும் பண்ண வேணாம்."

"அப்புறம் என்னா கல்யாணம்? கோச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போறதுக்கு ஒரு ஆளாச்சும் வேணும்ல?"

"அதான் மூணு வருசமா நீ கோச்சுக்கிட்டு இருக்கியே, பத்தாதா?" என்றாள் என் மனைவி.

அதுவரை எடுத்ததையெல்லாம் நான் குறித்து வைத்திருந்தேன். மாலை எடுத்து வருவது ஏழு டேக். நான் கேட்டைத் திறப்பது பதினொரு டேக். ஒவ்வொரு முறையும் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டேனாம். அடுத்தது தாய்மாமன் பட்டம் கட்டுவது. மணமக்கள் நெற்றியில் மாமன்தான் பட்டம் கட்ட வேண்டும். எங்கள் பக்கம் அது இல்லாமல் கல்யாணம் நகராது. தூரத்திலிருந்து ஒருமுறை, கிட்டத்திலிருந்து ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை கட்டச் சொன்னாள் கேமராப் பெண்.

"ஒருக்கா கட்டுனா கட்டுனதுதான். அவுத்து அவுத்துக் கட்டறதுக்கு இது என்னா தக்காளிப் பெட்டியா?" என்றார் மைத்துனர்.

"மாமா, இது நெசம் இல்ல. சினிமா."

"பட்டம் நெசந்தான? சாமிகிட்ட வெச்சுத்தான எடுத்தாந்தேன்?"

மகள் அரை மணி நேரம் பேசியும் அவர் இறங்கி வந்தது ஒரே ஒரு டேக் வரைக்கும்தான்.

பதினொன்று நாற்பதுக்கு வெயில் சரியாக விழுந்தது. பந்தலில் அறுபத்து நான்கு பேர். அதில் நடிக்க அழைத்தது இருபது பேரை. மீதிப் பேர் சீர்த்தட்டைப் பார்த்து நிஜக் கல்யாணம் என்று குளித்துவிட்டு வந்தவர்கள். கேமரா ஓடியது. மைத்துனர் மகளின் நெற்றியில் பட்டத்தை வைத்தார். இரண்டு தடவை முடிச்சு நழுவி, மூன்றாவது தடவை நின்றது.

கதைப்படி இனி கேமரா மெதுவாக அடுத்த பெண்ணின் வெறும் நெற்றிக்குப் போக வேண்டும். அவள் பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை என்பதுதான் காட்சியின் பொருள். படத்தின் முடிவும் அதுதான். இதை மைத்துனருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"இந்தப் பொண்ணுக்கு மாமன் எங்க?" என்று பந்தலைப் பார்த்துக் கத்தினார்.

அந்தப் பெண்ணுக்கு அந்தக் காட்சியில் வசனமே கிடையாது. "வரலீங்க" என்றாள்.

"போன் பண்ணுனியா?"

"எடுக்கலீங்க."

"எத்தன தடவ பண்ணுன?"

"நாலு."

எண்ணி வைத்திருக்கிறாள். முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தேன்.

மைத்துனர் கேமராவை நேராகப் பார்த்து, "இருங்க" என்று அதனிடம் சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு காகித உறையை எடுத்தார். "கடையில ஜோடியாத்தான் குடுத்தான். இன்னொண்ண நான் என்னா பண்றது? மண்டியில ஆணி அடிச்சு மாட்டறதா? நெத்தியக் காட்டும்மா."

கட்டினார். வசனம் ஞாபகம் வந்து, "நல்லா இருங்க" என்றார். அதே நேரத்தில் பின்வரிசையிலிருந்து டீக்கடைக்காரரும் "நல்லா இருங்க" என்றார். அவர் ஒரு வாரம் மனப்பாடம் செய்தது.

கேமராப் பெண் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். "லென்ஸப் பாத்துப் பேசிட்டார். கதையும் போச்சு. இன்னொண்ணு எடுக்கலாமா?"

"பட்டத்துல கை வெச்சுப் பாருங்க" என்றார் மைத்துனர்.

மகள் ஐம்பது விநாடி பக்கத்து நெற்றியில் இருந்த பட்டத்தையே பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, "கதைய மாத்திக்கறேன்" என்றாள்.

செய்தி ஊரெல்லாம் பரவி, நாற்பது பேருக்குச் சமைத்ததில் நூற்றுப் பன்னிரண்டு இலை விழுந்தது. கடைசியில் ரசம் வெந்நீர் நிறத்துக்கு வந்துவிட்டது. மகளும் அவளும் பட்டத்தோடு முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கேமரா அதையும் எடுத்தது. அவர்களுக்கு எதிரில் உட்கார்ந்திருந்த மைத்துனர் பாயசம் வருவதற்குள் எழுந்துவிட்டார்.

"சீர் கொண்டாந்த மாமனுக்கு மரியாத எங்க மாமா?"

மாமனுக்கு மரியாதையாகக் கொடுக்கிற மாதிரி படத்துக்காக ஒரு வேட்டிப் பெட்டி வைத்திருந்தார்கள். வாங்கித் திறந்தார். உள்ளே பழைய செய்தித்தாள்.

"டீக்கடைக்காரனுக்கு இது போதும். எனக்குப் போதுமா?"

வண்டியை எடுத்துக்கொண்டு காரிமங்கலம் போனேன். துணிக்கடைக்காரர் வேட்டியை விரித்தபடி, "என்னா விசேசமுங்க?" என்றார்.

"மக கல்யாணம்." இந்தச் சொல்லை அதுவரை நான் ஒருமுறையும் சொன்னதில்லை.

"மாப்ள என்னா பண்றாருங்க?"

"படம் எடுக்கறாங்க" என்றேன்.

நான் திரும்பி வந்ததும் மைத்துனர் பந்தலிலேயே புது வேட்டியைக் கட்டிக்கொண்டார். லாரியில் ஏறும்போது, "அடுத்த ஞாயித்துக்கெழம விருந்து. ரெண்டு பேரும் வந்துருங்க. சேவலுக்குச் சொல்லிட்டேன்" என்றார்.

லாரி திரும்பி மறைந்ததும் மகள் கேட்டாள். "அப்பா, மாமா படத்துக்குச் சொன்னாரா, நெசமாச் சொன்னாரா?"

"கேமராவ மூட்டை கட்டி ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சும்மா" என்றேன்.

கேமராப் பெண் மட்டும் சாயங்காலப் பேருந்தில் கேமராவோடு போனாள். இவர்கள் விருந்துக்காக நின்றுவிட்டார்கள். ஏழு இரவு. நூற்று அறுபத்தெட்டு மணி நேரம். வேட்டி, சட்டை, துண்டு, வண்டிக்குப் பெட்ரோல் எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு ஆயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய்.