நாலாவது கையெழுத்து

எங்கள் குழுவில் நான்கு பேர்: குழுத் தலைவர், பாடங்களைக் கணினியில் ஏற்றுகிற அலுவலர், முசலியில் மீளக்குடியேறிய பெண் விரிவுரையாளர் ஒருவர், நான். முன்பள்ளி ஆசிரியர்களுக்கான பல்கலைக்கழகச் சான்றிதழ் நெறியை இணையவழிப் பாடமாக ஆக்கிக்கொண்டிருந்தோம். மன்னார் நகரத்தில் ஒரு சின்னக் கந்தோரில்தான் வேலை. ஒரு பாடத்துக்கு ஒரு மாதம் சண்டை பிடிப்போம். பெரும்பாலும் தொடங்குகிறவன் நான்தான்.

இறுதிச் சோதனைக்கு ஒரு மணித்தியாலம் என்று வரையறை வைத்தவனும் நான்தான். முசலிப் பக்கம் இணைய லைன் ஐந்து நிமிடம் நிற்காது, அதை எடுத்துவிடுவோம் என்று விரிவுரையாளர் இரண்டு தடவை சொன்னார். சோதனை என்றால் நேரம் இருக்கவேண்டும் என்றேன். ஒரு நாள் பார்த்தால், என்னைக் கேட்காமலே எடுத்துவிட்டிருந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. கூட்டத்தில் கத்தி, பழையபடி வைக்கச் செய்தேன். இனி எந்த மாற்றத்துக்கும் நால்வரும் எழுத்தில் ஒப்பமிட வேண்டும் என்ற விதியையும் கொண்டுவந்தேன்.

சோதனை ஒரு சனிக்கிழமை காலை நடந்தது. மதியம்தான் கண்டோம்: முள்ளிக்குளத்துப் பக்கத்து ஆசிரியை ஒருத்தி நாற்பது கேள்விகளில் முப்பத்தொன்றை முடித்தபோது லைன் அறுந்து, நேரம் முடிந்து, விடைத்தாள் தானாகப் பூட்டிக்கொண்டிருந்தது. ஆறு வருடம் தொண்டராசிரியையாக இருந்தவள். திங்கட்கிழமை நிரந்தர நியமனத்துக்கு நேர்முகம். சித்தியடையாவிட்டால் அவளைக் கூப்பிடவே மாட்டார்கள். பூட்டிய விடைத்தாளை மாலை ஐந்து மணிக்கு முன் திறக்காவிட்டால் பிறகு யாராலும் திறக்க முடியாது.

இருபது நிமிடம் கொடுத்துத் திறக்கும்படி கடிதம் எழுதினேன். தலைவரும் அலுவலரும் உடனே ஒப்பமிட்டார்கள். விரிவுரையாளர் முசலிக்கு, வீட்டுக்குப் போயிருந்தார், ஃபோன் எடுபடவில்லை. நான் போட்ட விதி என் கழுத்தையே பிடித்தது. கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினேன். உயிலங்குளத்தைத் தாண்டும்போது மூன்றரை. அதற்குப் பிறகு பாதி வழி தார் போடாத கிறவல் வீதி.

விரிவுரையாளர் வீட்டு வாசலில் நின்று கடிதத்தை வாசித்துவிட்டு, உள்ளே கொண்டுபோய் மேசையில் வைத்து எழுதிக்கொண்டு வந்தார். ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு நேரமா என்று எனக்கு எரிச்சல். பிறகு என்னைக் குளக்கட்டுக்குக் கூட்டிப்போனார். சுற்றுவட்டாரத்தில் லைன் எடுக்கும் ஒரே இடம் அதுதான். அங்கே ஃபோனும் கையுமாக ஒரு பெண் இருந்தாள். அந்த ஆசிரியை அவள்தான் என்று விரிவுரையாளர் மெல்லச் சொன்னார். சோதனை திரும்பத் திறக்குமோ என்று காலையிலிருந்து இறங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாளாம். என்னை யாரென்று அவளுக்குத் தெரியாது.

கடிதத்தைப் படமெடுத்து அலுவலருக்கு அனுப்பினேன். படம் போகாமல் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது. ஐந்துக்குப் பன்னிரண்டு நிமிடம். ஃபோனை உயர்த்திப் பிடித்தேன், திரும்பினேன், வாய்க்குள் திட்டினேன். அவள் எழும்பி வந்தாள்.

"சேர், உதில நிண்டு பிரயோசனமில்லை. இந்த வேம்புக்குக் கீழ வந்து அசையாமல் நில்லுங்கோ."

நின்றேன். ஐந்துக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது படம் போனது. மூன்று நிமிடத்தில் அவளுடைய ஃபோனில் விடைத்தாள் திறந்தது. மூன்று கேள்வி எழுதினாள். லைன் மறுபடி அறுந்தது.

ஐந்தாகியது. ஐந்தே கால். இருபத்திரண்டு நிமிடம் கழிந்துவிட்டது என்று மணிக்கூடு காட்டியபோது எனக்கு அழுகை வந்தது. இரண்டாவது தடவையும் அவளைப் பூட்டியவன் நான்தான். அப்போது லைன் வந்தது. விடைத்தாள் திறந்தபடியே இருந்தது. திரையின் மூலையில் ஓடவேண்டிய நேரத்தைக் காணவில்லை.

சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து அப்போதுதான் முழுவதுமாகப் பார்த்தேன். நாலாவது கையெழுத்துக்கு மேலே பொடி எழுத்தில் ஒரு வரி: நேர வரையறையையும் நீக்கவும்.

"உங்களைக் கேக்காமல்தான் எழுதினனான், சேர்" என்றார் விரிவுரையாளர்.

வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பேனையை எடுத்து அந்த வரிக்குப் பக்கத்தில் என் ஒப்பத்தையும் வைத்தேன். அவள் முப்பத்தைந்தாவது கேள்விக்குப் போயிருந்தாள்.