ரோகிணின்னு நான் சும்மா அமுக்குனது

கொரோனாவுக்குக் கோயில மூடி வச்சிருந்தாங்கல்ல, அது தொறந்து மறு வருஷம், தீமிதிக்கு முன்னால நடந்தது இது. வருஷம் எனக்கு நம்பர்ல வராது. சுங்கை ரம்பாய்ல என் மச்சான் வீட்டுக் கூரை மேல டுரியான் மரம் சாஞ்சுச்சு, அந்த வருஷம்தான். மரம் பூராப் பழம். கூரை போனத விட்டுட்டு மனுஷன் பழத்தப் பொறுக்கிக்கிட்டு இருந்தாரு. சரி, அது வேற கத.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்ல. நான் சொல்றேன், மருமக பேப்பருக்கு எழுதுது.

புக்கிட் காத்தில் பக்கம் எங்க கோயில்ல அர்ச்சன டிக்கெட்டு குடுக்கறது என் வேல. எழுத்துத் தெரியாட்டியும் கலரப் பாத்துக் கிழிச்சுக் குடுத்துருவேன். ஒரு நாளும் தப்பு வந்ததில்ல. அந்த எடத்துலதான் கம்ப்யூட்டரக் கொண்டாந்து வச்சாங்க. அதுல டிக்கெட்டு அடிக்கற புரோகிராம் செஞ்சது என் கூட்டாளி மக.

அவனும் நானும் ஒரே எஸ்டேட்டு, ஒரே வயசு. அவன அவங்கப்பா ஸ்கூலுக்கு அனுப்புனாரு. என்ன எங்கப்பா ரப்பர் பால் வாளி தூக்க அனுப்புனாரு. அவன் ஆபீஸ்ல கணக்கு எழுதற கிராணி ஆனான், நான் பாலுக்கு மரம் வெட்டப் போனேன். அவன் மக யுனிவர்சிட்டி படிச்சுச்சு. என் மகன் லோரி ஓட்டுறான். நல்ல புள்ளதான், கொற சொல்ல மாட்டேன். ஆனா லோரி ஓட்டுறவனப் பத்தி யாரு கோயில்ல நின்னு பேசறா? மருமக, இத எழுதணுமா மாமான்னு கேக்குது. எழுதும்மா, உம் புருஷன் கோவிச்சுக்க மாட்டான்.

கூட்டாளி தெனம் காலைல என் கவுண்டர் பக்கத்துல வந்து நின்னுக்குவான். வர்றவங்க கிட்டல்லாம், "எம் பொண்ணு செஞ்சதுலா இது"ன்னு ஆரம்பிச்சுருவான். எனக்கு வயிறு எரியும். இன்னொன்னு சொல்றேன். எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு அந்தப் புள்ள எல்லாத்துக்கும் படம் போட்டு வச்சிருந்துச்சு. அர்ச்சனைக்குத் தேங்கா படம். தேங்காயத் தொட்டா நட்சத்திரத்துக்குன்னு தனியா ஒரு சன்னல் தொறக்கும், இருவத்தேழு படம். அஸ்வினிக்குக் குதுர, ரோகிணிக்குத் தேரு. எனக்காக உக்காந்து வரஞ்சிருக்கு. எனக்கு எப்டி இருந்துச்சு தெரியுமா? ஊருக்கே தெரியற மாதிரி என்னக் கைநாட்டுன்னு எழுதி ஒட்டுன மாதிரி.

ரெண்டாவது வாரமே பொட்டி மக்கர் பண்ணுச்சு. காலைல நல்லா ஓடும், மத்தியானம் நொண்டும், அப்புறம் நின்னுரும். புள்ள ஓடி வந்துச்சு. "பெரியப்பா, மெமரி லீக் இது. ஒவ்வொரு சன்னல் தொறக்கறப்பவும் பொட்டி உள்ள கொஞ்சம் எடம் புடிச்சுக்கும். மூடுனா எடத்தத் திருப்பி விடணும். ஏதோ ஒன்னு விடாம வச்சிருக்கு. வீட்டுல ஆயிரம் தடவ ஓட்டிப் பாத்துட்டேன், நல்லாத்தான் ஓடுது. இங்க நீங்க வேற மாதிரி ஏதாச்சும் அமுக்குறீங்களா?"

இல்லம்மான்னேன்.

பொய்யி. எனக்குத் தெரியும். நாள் பூரா அதுகூட உக்காந்திருக்கறவன் நான்தானே. எங்க கோயிலுக்குச் சீனவங்க நெறைய வருவாங்க. அவுங்களுக்கு நட்சத்திரம் தெரியாது, இப்ப நம்ம புள்ளைங்களுக்கே பாதி பேருக்குத் தெரியாது. தெரியலன்னா சாமி பேருக்கே அர்ச்சன பண்ணிருவோம். அதுக்கு நான் எந்தப் படத்தையும் தொடாம, மூலைல இருக்கற பெருக்கல் குறியத் தொட்டுச் சன்னல மூடிருவேன். அப்டி மூடுற ஆளுங்க ஜாஸ்தியா வர்ற நாள்ல பொட்டி சீக்கிரம் படுத்துரும். திங்கக்கெழம கம்மி, சாயந்தரம் வரைக்கும் ஓடும். இத ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொல்லல. நிக்கட்டும், அவன் வாய் அடங்கட்டும்னு இருந்துட்டேன்.

தீமிதிக்கு ரெண்டு நாள் முன்ன கோயில் தலைவரு எல்லாரு முன்னாடியும் அந்தப் புள்ளையக் கேட்டாரு. "ஞாயித்துக்கெழம ஆயிரக்கணக்குல சனம் வரும். அன்னிக்கு நின்னா என்னம்மா பண்றது? நாளைக்குள்ள சரி பண்ணு, இல்லன்னா தூக்கி ஸ்டோர்ல போட்டுட்டுப் பழைய டிக்கெட்டுக்கே போயிருவோம்." புள்ள தலையக் குனிஞ்சுக்கிச்சு. கூட்டாளி கொழாயடிக்குப் போனான். கழுவுன காலையே திரும்பக் கழுவிக்கிட்டு நின்னான். எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. மறைக்க மாட்டேன், இருந்துச்சு.

மறுநாள் காலைல புள்ள தன் கம்ப்யூட்டர எடுத்துக்கிட்டு என் பக்கத்துல உக்காந்துச்சு. "நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க பெரியப்பா, உள்ள எவ்ளோ எடம் புடிக்குதுன்னு நான் நம்பர மட்டும் பாக்கறேன்"னுச்சு.

நட்சத்திரம் தெரியாதவங்க வந்தா இப்ப என்ன பண்றது? பெருக்கல் குறியத் தொட்டா தெரிஞ்சுரும். அதனால வாய்க்கு வந்த மாதிரி கைக்கு வந்த படத்த அமுக்குனேன். ஒருத்தருக்கு அஸ்வினி, ஒருத்தருக்கு மகம். சாமி வாசல்ல உக்காந்துக்கிட்டு ஊருக்கே பொய் நட்சத்திரம் குடுத்தேன்.

"இன்னிக்கு ஏறவே மாட்டேங்குதே"ன்னு புள்ள மோட்டுவாயத் தேச்சுக்கிட்டு இருந்துச்சு.

அப்ப ஒரு சீன அம்மா வந்தாங்க, வழக்கமா வர்றவங்க. அவுங்களுக்குத் தேரத் தொட்டுட்டேன். ஐயரும் டிக்கெட்டப் பாத்து ரோகிணி நட்சத்திரம்னு சொல்லி அர்ச்சன பண்ணிட்டாரு. கொஞ்ச நேரத்துல அந்தம்மா தட்டோட திரும்பி என் கிட்டயே வந்தாங்க. மொகமெல்லாம் சிரிப்பு. இத்தன வருஷமா வர்றேன், எனக்கும் ஒரு நட்சத்திரம் இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது, எப்டிக் கண்டுபுடிச்சீங்க அங்கிள்னு மலாய்ல கேக்கறாங்க. ரோகிணின்னு எழுதித் தாங்க, பர்சுல வச்சுக்கறேன்னு துண்டுச் சீட்ட நீட்டுறாங்க.

எனக்கு எழுத வராதே. அந்தச் சீட்டப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்.

"பெரியப்பா, அவுங்களுக்கு நட்சத்திரமே தெரியாதுன்னா நீங்க ஏன் தேரத் தொட்டீங்க?"ன்னு புள்ள கேட்டுச்சு.

அதுக்கு மேல முடியல. அந்தம்மா கிட்ட, தப்பா அமுக்கிட்டேன், மன்னிச்சுக்குங்கன்னு சொன்னேன். மொகம் வாடிருச்சு அவுங்களுக்கு. புள்ள கிட்ட, "எப்பவும் இப்டித்தாம்மா மூடுவேன்"னு பெருக்கல் குறியத் தொட்டுக் காமிச்சேன். அவ்ளோதான் சொன்னேன். தெரிஞ்சே மறைச்சேன்னு சொல்லல.

புள்ள எந்திரிச்சு நின்னுருச்சு. சன்னலத் தொறந்து வெறுமனே மூடுச்சு, தொறந்து மூடுச்சு. நம்பர் ஏறுது, ஏறுது, எறங்கவே இல்ல. "நான் டெஸ்ட் பண்றப்ப எப்பவும் ஒரு நட்சத்திரத்தத் தொட்டுத்தான் பெரியப்பா மூடுனேன்!" ஓட்ட அந்தப் புள்ள எழுதுனதுலயும் இல்லையாம். சன்னல், பட்டன் எல்லாம் வெளிநாட்டு ஆளுங்க செஞ்சு யாரு வேணா எடுத்துக்கன்னு வச்சிருக்கற சாமானாம், ஓட்ட அதுக்குள்ளயாம். அத அவுங்களுக்கு எழுதிப் போட்டுட்டு, அவசரத்துக்கு இருவத்தேழு படத்துக்குப் பக்கத்துல அம்மன் படம் ஒன்னு சேத்துச்சு. நட்சத்திரம் தெரியாதவங்களுக்கு அதத் தொட்டா போதும், வெறுமனே மூட வேண்டியதில்ல.

தீமிதி அன்னிக்குப் பொட்டி ஒரு தடவ கூட நிக்கல. கடைசில மேடைல மைக்கப் புடிச்சு அந்தப் புள்ள சொல்லுச்சு: "இதக் கண்டுபுடிச்சது நான் இல்ல, எங்க பெரியப்பா." வெளிநாட்டுக்கு எழுதுனதுலயும் அப்டித்தான் எழுதுச்சாம். எனக்கு மால போட்டாங்க. போட்டது கூட்டாளி. என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டான். "எம் மக மானத்தக் காப்பாத்துனியேடா"ன்னான்.

இப்ப அந்தப் புள்ள பினாங்குல வேல செய்யுது. கூட்டாளி கவுண்டர் பக்கம் வந்தா இப்ப மகளப் பத்திப் பேசறதில்ல, என்னப் பத்திப் பேசறான். "படிக்காதவன், ஆனா மூளையப் பாரு"ங்கறான். வயித்தெரிச்சல் அடங்கிருச்சுன்னா நெனைக்கறீங்க? இல்ல, இப்ப அவன் மனசு மேலயே பொறாமையா இருக்கு. அந்த மனசு எனக்கு எந்த ஸ்கூலுக்குப் போனாலும் வந்திருக்காது.

அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரல. அவனுக்குக் கண்ணு மங்கிருச்சு, பேப்பர் படிக்கறதில்ல. இதப் படிக்கறவங்க யாராச்சும் எங்க கோயிலுக்கு வந்தீங்கன்னா, கவுண்டர் பக்கத்துல என்னப் பெருமையாப் பேசிக்கிட்டு ஒரு கெழவன் நிப்பான், அவனத் தனியாக் கூப்ட்டு இத ஒரு தடவ படிச்சுக் காட்டிருங்க.