பட்டன் டப்பாவில் முட்டை

தையல்காரருக்கு எண் என்றால் எண்தான். ஆறு மாத வயிற்றோடு மகள் கொண்டுவந்த ரத்தப் பரிசோதனைச் சீட்டை, மிஷினை நிறுத்திவிட்டு வாங்கிப் பார்த்தார். ஆல்புமின் 3.1. பக்கத்திலேயே அச்சடித்திருந்தது: 3.5 முதல் 5 வரை.

“குறையுதேம்மா. புள்ளைக்கு எங்கேருந்து சத்து போகும்?”

“டாக்டர் நாலு நாள் கழிச்சுத்தான் வரச் சொல்லியிருக்காங்கப்பா. கேட்டுக்கலாம்.”

அதுவரை அவருக்குப் பொறுக்குமா? ரத்தத்தில் இருக்கிற புரதம் அது என்று மருந்துக்கடைக்காரர் சொன்னதும், கை நிறைய முட்டை வாங்கிவந்துவிட்டார். வேளைக்கு இரண்டு. மகள் தின்று முடிக்கும்வரை எதிரிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். முட்டை வாடை பட்டாலே அவளுக்குக் குமட்டியது. மூன்றாம் நாள் சோற்றையும் தொடவில்லை.

நான்காம் நாள் காலை, ஒரு சட்டைக்காகப் பட்டன் டப்பாவைத் திறந்தார். உள்ளே அவித்த முட்டை ஐந்து. கடைக்கு ஆள் வந்து அவர் திரும்பிய நேரமெல்லாம் மகள் கைவேலை காட்டியிருக்கிறாள்.

அன்றே டாக்டரம்மா சீட்டைப் பார்த்தார்.

“இந்த அளவு கர்ப்பமா இல்லாதவங்களுக்குப் போட்டது பெரியவரே. வயித்துல புள்ள இருக்கறப்ப ரத்தத்துல தண்ணி கூடும், புரதம் கம்மியாத் தெரியும். ஆறாம் மாசத்துக்கு இது சரிதான். இத மட்டும் வெச்சு சாப்பாடு போதுமான்னு சொல்ல முடியாது. எடையும் பாக்கணும். மாசா மாசம் ஏறின எடை இப்ப ஒரு கிலோ இறங்கியிருக்கே, ஏன்?”

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

வாசலுக்கு வந்ததும் மகள் கேட்டாள்: “ஏம்ப்பா, மாசமா இருக்கறவங்களுக்குப் பழைய அளவுல சட்டை தைப்பீங்களா?”

“துணியப் பாழாக்க எனக்கென்ன கிறுக்கா?”

“அப்ப என்னை மட்டும்?”

அவர் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

அன்றிலிருந்து பயறு, தயிர் என்று அவள் கேட்டதைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துவிட்டு மிஷினுக்குப் போய்விடுவார். ஸ்பூன் சத்தம் கேட்கிறதா என்று காது மட்டும் பின்னால் இருக்கும். இரண்டு வாரத்தில் போன எடை திரும்பியது.

பேத்தி பிறந்தாள், மூன்றே கால் கிலோ. அளவுப் புத்தகத்தில் அச்சடித்திருந்ததைப் பார்த்து அவர் முன்கூட்டியே தைத்துவைத்த சட்டையில் கை நுழையவில்லை.

“மறுபடியும் அச்சடிச்ச அளவாப்பா?” என்றாள் மகள்.

அவர் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, பேத்தியைப் பார்த்துக்கொண்டே, தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அவசரமே படவில்லை.