தங்கச்சி பார்க்காத நிக்காஹ்

என் தங்கச்சியின் நிக்காஹ் வீடியோவை அழித்தவன் நான். என் மகனின் கிரிக்கெட் போட்டியைச் சேமிக்கக் கணினியில் இடம் போதவில்லை. அதனால் நிக்காஹ் வீடியோவைச் சிறிய கைபேசித் திரைக்கு ஏற்றபடி சுருக்கி ஒரு மெமரி கார்டில் போட்டுவிட்டு, மூலத்தை அழித்தேன். சுருக்கியதில் முகங்களெல்லாம் சதுரம் சதுரமாக உடைந்து கிடந்தன. அதைக் காட்ட வெட்கப்பட்டு, கணினி பழுதாகி எல்லாம் போய்விட்டதென்று அவளிடம் பொய் சொன்னேன்.

எங்களில் நிக்காஹ் ஆண்கள் பக்கம்தான் நடக்கும். வாப்பா அப்போது உயிரோடு இல்லை; மாப்பிள்ளையின் கையைப் பிடித்து அவளைக் கொடுத்தவன் நான். அவள் உள்ளே பெண்களோடு இருந்தாள். மூன்றாம் வருடம் மச்சான் கடலில் மூழ்கி மௌத்தானார். அவர் அசைந்து பேசும் படம் வேறொன்றும் இல்லை. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

சென்ற மாதம் அந்தக் கார்ட் அலுமாரிக்குள் அகப்பட்டது. பழைய வீடியோக்களைத் தெளிவாக்கும் மென்பொருள் ஒன்றில் அதைக் கொடுத்தேன். சதுரங்கள் கரைந்தன. தொப்பியின் தையல் தெரிந்தது. பிறகு முகம் துலங்கி வந்தது. எனக்குக் கதிரையில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே கற்பிட்டிக்கு, அவள் வீட்டுக்குப் போனேன்.

முதலில் என் பொய்யைச் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை.

"போடுங்க" என்றாள்.

பெரிய டிவியில் ஓடவிட்டேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"இது ஆரு, நானா?" என்று அண்ணன் என்னிடம் கேட்டாள்.

"மச்சான்தானே!"

"அவர்ட முன்பல்லு பாதி உடைஞ்சது. இந்தாளுக்குப் பல்லு விளம்பரம் மாதிரி இரிக்கி. முகமும் ஊதிப் போய். வேற ஒராளோட எனக்குக் காவின் எழுதி நிக்காஹ் முடிச்சிட்டீங்களோ?"

அவள் சொன்னது சரி. தெரியாத இடங்களை மென்பொருள் தன் கற்பனையால் நிரப்பியிருந்தது. டிவி முழுவதையும் நிரப்பும் ஆசையில் நானும் படத்தை அகலவாக்கில் இழுத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து மறுபடி தொடங்கினேன். முகத்தைச் செப்பனிடும் வசதியை நிறுத்தினேன். படத்தைப் பழைய அளவுக்கே கொண்டுவந்து, இருபக்கமும் கறுப்பாக விட்டேன். சதுரங்களை மட்டும் இலேசாக மழுப்பினேன். பாதி உடைந்த பல் திரும்பி வந்தது! அடுத்து ஒலி. மின்விசிறியின் இரைச்சலைச் சிறிது சிறிதாகக் குறைக்க, அதற்கடியிலிருந்து மச்சானின் குரல் கேட்டது.

இரண்டாம் தடவை அவள் டிவிக்குக் கிட்டக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். திரையில் என் கை அவர் கையைப் பிடித்திருந்தது. அவர் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. யாரோ சிரித்தார்கள். பிறகுதான், மெல்ல, "கபூல் செய்தேன்" என்று அவளை ஏற்றுக்கொண்டார்.

தங்கச்சி முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிரிக்கிறாள் என்று பிறகுதான் விளங்கியது.

"பொம்புளைகள் பக்கம் வரைக்கும் கேக்கச் சத்தமாச் சொன்னாராம். என்ன புளுகு புளுகியிருக்கார் இந்த மனிசன். இன்னொருக்காப் போடுங்க."

பலமுறை போட்டேன். கடைசியில் கண்ணைத் துடைத்தபடி என் பக்கம் திரும்பினாள்.

"அவர் இரிக்கக்குள்ள இதத் தந்திருந்தா, ஆள இருக்க விடாம நக்கலடிச்சிருப்பன் நானா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கி, தானே மறுபடி ஓடவிட்டாள்.