கிருமிகளின் பக்கம் நின்றவர்

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சன்னல் இல்லாத ஓர் அறையில், பத்தொன்பது வருடமாக அவர் கிருமிகளைக் கொன்றுகொண்டிருந்தார். அறுவை சிகிச்சைக்கு வேண்டிய கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் அவர் கையால் கழுவப்பட்டு, துணியில் பொதியப்பட்டு, ஆள் உயர நீராவி இயந்திரத்துக்குள் போய் வந்த பிறகுதான் மாடிக்கு ஏறும். அதனால் எல்லோருக்கும் அவர் ஆவிக்காரர். புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி, பேய் ஓட்டுகிறவர் போலிருக்கிறது என்று நினைத்து ஒரு வாரம் அவர் பக்கமே வரவில்லை.

உட்காரத் தெரியாத மனிதர். இயந்திரம் ஓடும் நேரமெல்லாம் அறைக்குள் நடந்துகொண்டே இருப்பார். வீட்டில் சாப்பிடும்போதும் ஒரு கால் ஆடும். "மேசையே ஆடுது. ஒண்ணு நீங்க நிறுத்துங்க, இல்ல நான் எந்திரிச்சுப் போறேன்" என்பாள் மனைவி.

அவருக்கு நெஞ்சில் சளி கட்டி, கிருமிக்கான மாத்திரைகளை மூன்று முறை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். சளி போயிற்று, கூடவே வயிறும் போயிற்று. எதைச் சாப்பிட்டாலும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆறு மாதம் ஆளே பாதியானார். அப்போதுதான் சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறையில் இயற்கை வைத்திய வகுப்பு நடத்தும் வைத்தியரைப் பற்றிக் கேள்விப்பட்டுப் போனார். ஒரு காலத்தில் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர் அந்த வைத்தியர். காய்கறிகளை உப்பு நீரில் புளிக்க வைத்து, அந்தத் தண்ணீரைக் குடிக்கச் சொன்னார். ஐந்தாறு வாரத்தில் ஆவிக்காரரின் வயிறு வழிக்கு வந்தது. அதற்குப் பிறகு வைத்தியர் என்ன சொன்னாலும் அவருக்கு உள்ளே இறங்கியது.

"தீப்பிடிச்ச வீட்டு வாசல்ல தீயணைப்பு வண்டி நிக்குது. அவங்கதான் தீ வெச்சாங்கன்னு சொல்வீங்களா?" என்று வைத்தியர் கேட்டார். "புண்ணுல கிருமி இருக்குன்னா, அழுகினதைத் தின்னு சுத்தம் பண்ண வந்திருக்கு. வைத்தியம் பண்ண வந்தவனைப் போய் மாத்திரை போட்டுக் கொல்றோம்."

மறுநாள் வேலையில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தினமும் முதல் ஈட்டில், உயிருள்ள கிருமிகள் அடைத்த சின்னக் குப்பி ஒன்றையும் கருவிகளோடு உள்ளே வைப்பது வழக்கம். இயந்திரம் சரியாக வேலை செய்திருந்தால் அவை செத்துவிடும், பிறகு இளஞ்சூட்டில் வைத்தாலும் குப்பியின் ஊதா நிறம் மாறாது. முன்பெல்லாம் அந்த ஊதாவைப் பார்த்தால் நிம்மதியாக இருக்கும். இப்போது ஏதோ பாவம் செய்தவர்போலக் குப்பியை வேகமாகத் தூக்கிப் போட்டார். ஆனால் வேலையில் ஒரு நிமிடம்கூடக் குறைக்கவில்லை. நம்பிக்கை ஒரு பக்கமும் கை ஒரு பக்கமுமாக எட்டு மாதம் ஓடியது.

அவருடைய அக்கா இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தாள். காலால் மிதிக்கும் தையல் இயந்திரத்தில் ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைத்து, யாரையும் எதிர்பார்க்காமல் வாழ்கிறவள். பத்து வருடமாகச் சர்க்கரை. புதுச் செருப்பு கடித்து வலது கால் விரல் இடுக்கில் உண்டான புண் இரண்டு வாரமாகியும் ஆறவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு தம்பியிடம் வந்தாள்.

"எத்தனை வேளைன்னு புரியல. பாத்துச் சொல்லுடா."

அவர் அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இது வேண்டாம்க்கா."

"டாக்டர் குடுத்திருக்காரேடா."

"டாக்டர் குடுத்ததுலதான் என் வயிறு போச்சு. நான் பட்ட பாடு உனக்குத் தெரியாதா?"

"சரி. ஆஸ்பத்திரியில இருக்கறவன் நீ. உனக்குத் தெரியாததா."

புளித்த காய்த் தண்ணீரில் துணியை நனைத்துப் புண்ணில் கட்டினார்கள். ஐந்தாம் நாள் சீழ் வைத்தது. போனில் கேட்டபோது, சுத்தம் நடக்கிறது என்றார் வைத்தியர். ஏழாம் நாள் காய்ச்சல் வந்தது. "ரொம்ப நல்லது. கிருமிங்க முழு மூச்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம். பயந்து கெடுத்துடாதீங்க."

ஆவிக்காரர் அக்கா வீட்டுக்கும் தன் வீட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். கட்டைப் பிரித்தபோது அடித்த வாடை அவருக்குப் புதிதல்ல. மாடியிலிருந்து இறங்கி வரும் அழுக்குக் கருவிகளில் பத்தொன்பது வருடமாக முகர்ந்த வாடைதான்.

"உங்க அக்கா கால் நாத்தம் வாசல் வரைக்கும் வருது. உங்க மூக்குக்குத் தெரியலையா?" என்றாள் மனைவி.

"தெரியுது."

"தெரிஞ்சுமா இப்படி நடந்துட்டே இருக்கீங்க?"

மறுநாள் பகல் பதினோரு மணிக்குப் பார்த்தபோது கணுக்காலிலிருந்து கெண்டைக்கால் வரை ஒரு சிவப்புக் கோடு ஏறியிருந்தது. வைத்தியருக்குப் போன் செய்யவில்லை. டாக்ஸியைக் கூப்பிட்டார். வண்டியில் காய்ச்சல் வேகத்தோடு அவர் தோளில் சாய்ந்திருந்த அக்கா, "கிருமி வேலையை முடிச்சுருச்சாடா?" என்று கேட்டாள். கேலியில்லை, உண்மையாகவே கேட்டாள்.

அறுவை சிகிச்சை டாக்டர் புண்ணையும் பழைய மருந்துச் சீட்டையும் பார்த்துவிட்டு, "மாத்திரை எழுதிக் குடுத்திருக்காங்களே, ஏன் சாப்பிடல?" என்றார்.

"மறந்துட்டேன் டாக்டர்" என்றாள் அக்கா.

"மறக்கல. நான்தான் வேண்டாம்னு வாங்கி வெச்சுக்கிட்டேன்" என்றார் அவர்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க நம்ம ஆவிக்காரர்தானே?"

அதற்கு மேல் டாக்டர் ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இரண்டு விரலை எடுத்தாக வேண்டும் என்றார்கள். இவர் அடித்தளத்துக்கு இறங்கினார். வீட்டு ஆளுக்குச் சிகிச்சை நடக்கும்போது வேலை பார்க்க வேண்டாம், போய் உட்காருங்கள் என்றார் மேற்பார்வையாளர். எங்கே உட்காருவது? அக்காவின் சிகிச்சைக்குப் போகும் தட்டுக்கான கருவிகளை அவரே தேய்த்தார், அவரே பொதிந்தார். வெளியே எடுத்ததும் பொதியின் மேல் ஒட்டிய, ஆவிச் சூடு பட்டால் கறுக்கும் நாடாவில் கோடுகள் கறுத்திருக்கின்றனவா என்று மூன்று முறை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். ஒன்றுகூட உயிரோடு மிஞ்சக் கூடாது என்று அவர் அவ்வளவு வெறியோடு நினைத்தது அன்றைக்குத்தான்.

அக்கா பிழைத்துக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து டாக்டரைத் தனியாகப் பிடித்து, "அப்ப எனக்கு வயிறு சரியானது பொய்யா டாக்டர்?" என்று கேட்டார்.

"பொய்னு எப்படிச் சொல்றது? தானாகவும் ஆகியிருக்கலாம், அந்தத் தண்ணியும் உதவியிருக்கலாம். குடல்ல நமக்கு நல்லது செய்ற கிருமி கோடிக்கணக்குல இருக்கு. மாத்திரை அதையும் சேத்துக் கொல்லும். ஆனா குடல்ல இருக்கறது வேற, கால் எலும்பை அரிக்கறது வேற. எல்லாத்தையும் ஒரே ஜாதியாக்கிட்டீங்க, அதான்."

சைக்கிள் கடை மாடிக்கும் ஒருமுறை போனார். வைத்தியர் மிகவும் வருத்தப்பட்டார், ஆனால் தன் சொல்லுக்காக அல்ல. "இன்னும் மூணு நாள் பொறுத்திருந்தா விரல் இருந்திருக்கும். அவசரப்பட்டுட்டீங்க." சிவப்புக் கோட்டைப் பற்றி இவர் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. இவர் பாதியில் எழுந்து வந்துவிட்டார். பிறகு போகவில்லை. ஆனாலும் அந்த 'மூணு நாள்' கொஞ்ச காலம் செருப்புக்குள் மாட்டிய கல்போல உறுத்திக்கொண்டிருந்தது. பொய் என்று தெரியும். தெரிந்தும் உறுத்தியது.

அக்கா இடது காலால் மிதிக்கப் பழகினாள். முதலில் தையல் கோணல் மாணலாக ஓடியது, நாலு மாதத்தில் நேரானது. அவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதைவிட மோசம், புது மாத்திரை எதைக் கொடுத்தாலும் பழையபடி அவரிடமே கொண்டுவந்தாள்.

"டாக்டர் சொன்னபடி போட்டுக்கோக்கா. என்னைக் கேக்காத."

"அவர் சொன்னா சொல்லட்டும். நீயும் ஒரு வார்த்தை சொல்லு."

விரல் எடுத்த முதல் மாதத்தில், கட்டு மாற்றக் கூட்டிப்போன ஒரு நாள், வராந்தாவில் வண்டி ஓட்டுநர் ஒருவர் ஆஸ்பத்திரிச் சீருடையைப் பார்த்துவிட்டு இவரை நிறுத்தினார். கையில் கட்டுப் போட்டிருந்தார். "சார், இந்த மாத்திரை நல்ல கிருமியையும் கொன்னுடுமாமே. விட்டா உடம்பே ஆத்திக்கும்னு சொல்றாங்க. நெசமா?"

ஆவிக்காரர் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னார். வயிறு, காய்த் தண்ணீர், அக்கா கேட்ட கேள்வி, இரண்டு விரல். ஒன்றையும் மறைக்கவில்லை. ஓட்டுநர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "பாக்கலாம் சார்" என்று நடந்தார். அந்தப் 'பாக்கலாம்' இவரை விடவில்லை. வாசல்வரை பின்னாலேயே போய், குழாயில் தண்ணீர் பிடித்துக் கொடுத்து, "முதல் மாத்திரையை இங்கயே போட்டுக்குங்க" என்றார். ஓட்டுநர் விழுங்கினார். இந்த ஆளிடமிருந்து தப்பித்தால் போதும் என்று விழுங்கியதுபோலத்தான் இருந்தது. மிச்சத்தைச் சாப்பிட்டாரோ என்னவோ.

திரும்பி வந்தபோது அக்கா பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"கட்டு மாத்தி அரை மணியாச்சு. எங்கடா போயிட்ட?"

"ஒருத்தரோட பேசிட்டிருந்தேன்க்கா" என்று சொல்லிவிட்டு, அவள் எழுந்துகொள்ளக் கை கொடுத்தார்.