மிஸ்ஸுக்கு வாங்கிய சிவப்புப் புடவை

என் மனைவி வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலைக்குப் போன முதல் வருடம். குருவிநத்தத்தில் நானும் எங்கள் நாலு வயது மகளும் மட்டும். கரும்பும் கொஞ்சம் நெல்லும் பார்த்துக்கொண்டு, மகளுக்குப் பின்னல் போடுவது, டிபன் கட்டுவது, பாகூரில் இருக்கும் நர்சரிக்கு வண்டியில் கொண்டுபோய் விடுவது எல்லாவற்றையும் ஒருமாதிரிப் பழகியிருந்தேன். பின்னல்தான் மத்தியானத்துக்குள் அவிழ்ந்துவிடும். நர்சரியில் இருக்கும் ஆயம்மா மறுபடி போட்டு அனுப்புவார்.

டிசம்பரில் ஒருநாள் மனைவி போனில் சொன்னாள்.

"லீவு வுடறதுக்கு முன்னாடி மிஸ்ஸுக்கும் ஆயம்மாவுக்கும் கிறிஸ்மஸ் கிஃப்ட் குடுக்கணும். போன வருசம் நான் குடுத்தேன். மறந்துடாத."

"இன்னா வாங்கறது?"

"நல்லதா எதனா பாத்து வாங்கு. எனக்கு டூட்டி டைம் ஆச்சி."

அந்த நர்சரியை நடத்துவது ஒரு கிறிஸ்தவக் குடும்பம். படிக்கிற பிள்ளைகளும் டீச்சர்களும் பெரும்பாலும் இந்துக்கள்தான். ஆனால் அங்கே வருடத்தில் பெரிய கொண்டாட்டம் கிறிஸ்மஸ். குடில் கட்ட வைக்கோல் வேண்டும் என்று கேட்டார்கள். எங்கள் களத்திலிருந்து ஒரு கட்டு கொண்டுபோய்ப் போட்டிருந்தேன்.

வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. மனைவி வெளிநாடு கிளம்பும்போது தன் நம்பருக்குப் பதில் என் நம்பரைச் சேர்த்துவிட்டுப் போனாள். அதில் நான் ஒருவன்தான் ஆண். ஹோம்வொர்க் என்ன என்று கேட்பதற்கு மேல் நான் எதுவும் எழுதியதில்லை. அந்த வாரம் குரூப் முழுக்க கிஃப்ட் பேச்சு. ஒருத்தி டிபன் பாக்ஸ், ஒருத்தி கைப்பை, இன்னொருத்தி சாக்லெட் டப்பா. நான் எல்லாவற்றையும் படித்தேன். 'நான் என்ன வாங்கலாம்?' என்று ஒரு வரி போட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். டைப் அடித்து, அழித்து, போனைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு வில்லியனூருக்குப் போனேன். முதலில் ஒரு ஃபேன்சி ஸ்டோர். டீச்சரைப் புகழ்ந்து ஆங்கிலத்தில் எழுதிய கப்புகள், கண்ணாடிக் குடுவைக்குள் பனி கொட்டும் பொம்மைகள், போட்டோ ஃபிரேம்கள். எதைக் காட்டினாலும் மகள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"பின்ன இன்னாதான்டி வாங்கறது?"

"பொடவ. மிஸ்ஸு பொடவதான் கட்டுவாங்க."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் வீட்டில் ஒருவருக்கு மரியாதை செய்வதென்றால் துணி எடுத்துக் கொடுப்பதுதான் வழக்கம். கப்பைவிடப் புடவை மேல் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

ஜவுளிக்கடையில் ஆயம்மாவுக்கு எடுப்பது சுலபமாக இருந்தது. பச்சையில் சின்னக் கட்டம் போட்ட காட்டன் புடவை. மிஸ்ஸுக்கு எடுக்கும்போதுதான் மகள் மேடைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, சரிகைக் கரை போட்ட ஒரு சிவப்புப் புடவைமேல் இரண்டு கைகளையும் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

"இதுதான். மிஸ்ஸுக்கு செவப்பு புடிக்கும்."

வேறு நிறங்களை எடுத்துப் போடச் சொன்னேன். அவள் கையை எடுக்கவில்லை. எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த கடைப் பெண் சிரித்தாள்.

"வூட்டம்மாவுக்காண்ணா?"

பக்கத்தில் இரண்டு மூன்று குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. பாப்பாவோட டீச்சருக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஆமாம்மா" என்றேன். அவள் சந்தோஷமாக அதை ஒரு அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடிக் கொடுத்தாள். நான் திறந்து பார்க்கவில்லை. மறுபடி ஃபேன்சி ஸ்டோருக்குப் போய், இரண்டையும் கிறிஸ்மஸ் தாத்தா படம் போட்ட காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

நர்சரியில் விழா காலையிலேயே தொடங்கிவிட்டது. முற்றத்தில் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளில் அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் பின்னால் கேட் ஓரமாக நின்றுகொண்டேன். மகள் அட்டைச் சிறகு கட்டிக்கொண்டு சம்மனசு என்கிற தேவதூதர் வேஷத்தில் இருந்தாள். பாட்டெல்லாம் முடிந்தபின் பிள்ளைகள் வரிசையாக வந்து கிஃப்ட் கொடுத்தார்கள்.

மிஸ் சின்ன வயதுப் பெண். கடலோரக் குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அப்பா மீன்பிடி போட்டில் போகிறவர். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. குரூப்பில் எல்லோரும் வாழ்த்துச் சொன்னபோது நானும் ஒரு கைகூப்பு பொம்மை போட்டிருந்தேன்.

"பிரிங்க மிஸ், பிரிங்க மிஸ்" என்று பிள்ளைகள் கத்த, அவள் ஒவ்வொன்றாகப் பிரித்துத் தூக்கிக் காட்டினாள். பேனா. கைப்பை. பிள்ளைகள் கை தட்டினார்கள். அடுத்தது எங்கள் பெட்டி. மூடியைத் திறந்ததும் சிவப்பும் சரிகையும் தெரிந்தது. புடவையைத் தூக்கியபோது அதன் மடிப்பிலிருந்து ஒரு சின்னப் பொட்டலம் அவள் மடியில் விழுந்தது. மஞ்சளும் குங்குமமும். மனைவிக்கு என்று நான் சொன்னதால் கடைப் பெண் வைத்துக் கொடுத்தது.

"கூரப் பொடவ மாதிரியே கீது" என்றார் முன்வரிசையில் ஒரு அம்மா. இரண்டொருவர் சிரித்தார்கள்.

"யாருடா செல்லம் குடுத்தது?" என்று பக்கத்திலிருந்த இன்னொரு டீச்சர் கேட்டார்.

"எங்க அப்பா" என்றாள் மகள், சிறகோடு எழுந்து நின்று. "எங்க அப்பா வாங்குனாரு."

எல்லாத் தலைகளும் கேட் பக்கம் திரும்பின. சிரிப்பு நின்றுபோனது. என் மனைவி சொல்லித்தான் கொண்டுவந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காது சுட்டது. மிஸ் என்னைப் பார்க்கவேயில்லை. புடவையை மடித்து, பொட்டலத்தை உள்ளே வைத்து, மூடி, பெட்டியை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு அடுத்த கிஃப்டை எடுத்தாள்.

ஆயம்மாவுக்குக் கொடுத்ததும் புடவைதான் என்பது யாருக்கும் தெரியாது. அவர் அதைப் பிரிக்காமலே இடுப்பில் இடுக்கிக்கொண்டு பிள்ளைகளுக்குக் கேக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு சாயங்காலம் குரூப்பில் ஒருவரும் விழா போட்டோ போடவில்லை. அதற்குப் பிறகும் அதில் எதுவும் வரவில்லை. வேறு குரூப் தொடங்கிவிட்டார்கள் என்று பின்னால்தான் தெரிந்தது.

மறுநாள் பெரிய மிஸ் கூப்பிட்டனுப்பினார். நர்சரியை நடத்துகிற அம்மா அவர். மேஜைமேல் அந்தப் பெட்டி இருந்தது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க நல்ல மனசுல குடுத்திருப்பீங்க. ஆனா அந்தப் பொண்ணுக்கு இப்பதான் இடம் அமைஞ்சிருக்கு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பக்கத்து ஊரு. நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

"பாப்பாதாங்க கலரு சொன்னா."

"அதான் சார். பாப்பா சொன்னாலும் பெரியவங்க நாம பாக்கணும்ல?"

எழுபது வயது தொடுகிற அம்மா. கோபமே இல்லாமல் பேசினார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பாகூர்க் கடைத்தெரு வழியாகப் போகக் கூசி, ஏரிக்கரை மேல் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மனைவியிடம் சொல்லாமல் இருக்கத்தான் நினைத்தேன். வீடியோ காலில் மகளே சொல்லிவிட்டாள். "அம்மா, மிஸ்ஸு பொடவய வாணாம்னுட்டாங்க." நான் முழுக்கவும் சொன்னேன். முதலில் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மஞ்சள் குங்குமம் வந்த இடத்தில் சிரிப்பை நிறுத்தினாள்.

"எனக்குன்னு ஏன் சொன்ன?"

"வெக்கமா இருந்துது."

"அங்க வெக்கப்பட்டு இங்க வந்து மாட்டிக்கினியா." தலையில் தட்டிக்கொண்டாள். "அந்தப் பொண்ணுதான் பாவம். நீ பொடவய பீரோவுல வெய்யி. நான் அந்தப் பொண்ணுக்குப் போன் பண்றேன்."

பண்ணினாள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

லீவு முடிந்து நர்சரி திறந்ததும் மகளைக் கேட் வரைக்கும் கொண்டுபோய் விட எனக்குக் கால் வரவில்லை. எதிர்ச்சாரியில் உரக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தி, அவளை ரோட்டைத் தாண்ட வைத்து, அவள் உள்ளே ஓடியதும் திரும்பிவிடுவேன். அம்மாக்கள் என்னைப் பார்த்தால் பேச்சைக் குறைத்துக்கொள்வதாகத் தோன்றும். உண்மையில் குறைத்தார்களா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா, தெரியவில்லை.

பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் வண்டியைத் திருப்பும்போது மிஸ் ரோட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள். ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"அண்ணே, இருங்க" என்றாள். அதுவரைக்கும் சார் என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். "அக்கா போன் பண்ணாங்க. எல்லாம் சொன்னாங்க. எங்க வூட்டுல ஒண்ணும் சொல்லல அண்ணே. நான்தான் பயந்துட்டேன்."

"தப்பு என்னுதும்மா."

"அதெல்லாம் வுடுங்க." பையிலிருந்து பத்திரிகை எடுத்து நீட்டினாள். "தையிலதான் கல்யாணம். அக்காவால வர முடியாது. நீங்க பாப்பாவ அழைச்சிகினு கண்டிப்பா வரணும்."

அவள் அவ்வளவு சுலபமாகப் பேசியது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. சரி என்று தலையை ஆட்டிப் பத்திரிகையை வாங்கிக்கொண்டேன்.

கல்யாணத்துக்குப் போனோம். கிஃப்ட் என்னவென்று மனைவியே அங்கிருந்து முடிவு செய்து, அவள் தங்கையை விட்டு வாங்கி அனுப்பியிருந்தாள். பெரிய எவர்சில்வர் அண்டா, தன் பெயரும் மகள் பெயரும் வெட்டியது. என் பெயர் இல்லை. அதுதான் சரி என்று எனக்கும் பட்டது.

மண்டபத்தில் நர்சரி அம்மாக்கள் ஒரே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பச்சைக் கட்டம் போட்ட புடவையில் ஆயம்மா. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"வாங்க சார், மேடைக்குப் போலாம். ஒரு போட்டோ புடிச்சிக்கலாம்."

"இந்த அண்டாவ புடிங்கம்மா, பாப்பாவ அழைச்சிகினு நீங்க போங்க. நான் கைய கழுவிட்டு வரேன்."

பந்திக்கு இன்னும் கூப்பிடவேயில்லை. ஆனாலும் கை கழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அங்கிருந்து மேடை தெரிந்தது. ஆயம்மா இரண்டு கைகளாலும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஏற, மகள் முன்னால் ஓடினாள். மிஸ் குனிந்து அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை மகள் கன்னத்தைத் தட்டினார். போட்டோக்காரர் கையை உயர்த்தி, "பாப்பாவோட அப்பா அம்மா யாருங்க, வந்து நில்லுங்க" என்றார்.

மிஸ் தலையைத் தூக்கிக் கூட்டத்தைத் தேடினாள். நான் குழாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டு மறுபடி கையைக் கழுவினேன்.

திரும்பி வரும்போது மகள் வண்டியின் முன்பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள். "நீ ஏம்பா போட்டோவுக்கு வரல?"

"ஈரக் கைடி" என்றேன்.

அவள் நம்பிவிட்டாள். வழியெல்லாம் மிஸ்ஸின் மாலை எவ்வளவு கனம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.